வருடத்துக்கு எத்தனை மெயில் அனுப்புவீர்கள்?

கேள்வி: சென்னிமலையில் அப்பா காலத்திலிருந்து கைத்தறி பெட்ஷீட்டும் துண்டும் போடுகிறோம். பவானியில் இருக்கும் உறவுக்காரர்களிடம் ஜமக்காளம் வாங்கியும் விற்கிறோம். மூன்று வருடமாகச் சொந்த வெப்சைட் இருக்கிறது, ஜிஎஸ்டி பதிவும் உண்டு. இதுவரை 3,200 மெயில் முகவரிகள் சேர்ந்திருக்கின்றன. வெப்சைட்டில் வாங்கியவர்கள் 1,400 பேர். கொடிசியாவிலும் வெளியூர்க் கண்காட்சிகளிலும் கிடைத்த விசிட்டிங் கார்டுகள் 600. மீதி 1,200, அங்கங்கே எடுத்த ஹோட்டல், லாட்ஜ், பொட்டிக் முகவரிகள். ஆடி, தீபாவளி, பொங்கல், புது டிசைன் என்று வருடத்துக்கு ஏழு தடவை ஜிமெயிலில் பிசிசி போட்டு அனுப்புகிறேன். போன தீபாவளிக்கு அனுப்பியது பல பேருக்கு ஸ்பாமில் விழுந்துவிட்டது. மொத்தமாக மெயில் அனுப்பித் தரும் மெயில்சிம்ப் சேவையை எடுக்கச் சொல்கிறார் ஒருவர், இன்னொருவர் சோஹோ என்கிறார். ஈரோட்டில் ஒருவர் 50,000 முகவரிகளைத் தானே கொடுத்து, தானே அனுப்பியும் தருவதாகச் சொல்கிறார். தம்பி வாட்ஸ்அப் போதும் என்கிறான். மாதம் 2,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். எதை எடுப்பது?
– வாசகி, சென்னிமலை

பதில்:

வணக்கம் அம்மணி.

எந்த முகவரி எங்கிருந்து வந்தது என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்ல முடிகிறது. மாதச் சந்தா எதையும் எடுக்காதீர்கள். அனுப்புகிற மெயிலுக்கு மட்டும் காசு வாங்கும் சேவையில் முன்பணமாகக் கிரெடிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் லிஸ்ட்டைப் பிரிக்க வேண்டும், டொமைனை, அதாவது உங்கள் வெப்சைட்டின் பெயரை, சரிசெய்ய வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் எந்தச் சேவைக்குப் போனாலும் மெயில் மறுபடி ஸ்பாமில்தான் விழும்.

முதலில் அந்த 50,000 முகவரிகள். வேண்டவே வேண்டாம். அந்த லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குச் சென்னிமலையும் தெரியாது, உங்களையும் தெரியாது. தெரியாத ஆளிடமிருந்து மெயில் வந்தால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள், சிலர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார்கள். 2024 பிப்ரவரியில் இருந்து கூகுளும் யாகூவும் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஸ்பாம் என்று புகார் செய்கிறவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழேயே இருப்பது நல்லது என்று கூகுள் சொல்கிறது. உங்கள் 1,400 பேரும் ஜிமெயில்காரர்கள் என்று வையுங்கள். அவர்களில் ஐந்து பேர் பொத்தானை அழுத்தினாலே 0.3 தாண்டிவிடும். விலைக்கு வாங்கிய லிஸ்ட்டில் எத்தனை பேர் அழுத்துவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதோடு, இப்படிக் கைமாறும் லிஸ்ட்டுகளில் யாரும் பயன்படுத்தாத பழைய முகவரிகளும் கிடக்கும். அவற்றில் சில, கண்ட இடத்தில் முகவரி பொறுக்கி அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே வைத்திருப்பவை. அதில் சிக்கினால் கெடுவது உங்கள் டொமைனின் பெயர். ஈரோட்டுக்காரர் அடுத்த ஆளைப் பார்த்துப் போய்விடுவார், நீங்கள் அடுத்த தீபாவளிக்கும் அதே டொமைனில்தான் கடை நடத்த வேண்டும். பெயருள்ள சேவைகள் எல்லாமே விலைக்கு வாங்கிய லிஸ்ட்டை ஏற்றக்கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கின்றன. மீறினால் கணக்கை முடக்குவார்கள்.

இப்போது கையில் இருக்கும் 3,200. இதில் உண்மையாக உங்களுடையது அந்த 1,400தான். அவர்கள் காசு கொடுத்து வாங்கியவர்கள், பெட்ஷீட்டை விரித்துப் படுத்தவர்கள், உங்கள் பெயரைப் பார்த்தால் அடையாளம் தெரியும். ஆனால் பொருள் வாங்கியதாலேயே விளம்பர மெயிலுக்கும் சம்மதித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் வாங்கினோம் என்று நிரூபிக்கும் பொறுப்பை நம் பக்கம்தான் வைத்திருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆகவே அவர்களுக்கு அனுப்பும் முதல் மெயிலில் விற்பனைப் பேச்சு வேண்டாம். "நீங்கள் எங்களிடம் வாங்கியவர். வருடத்துக்கு ஆறேழு தடவை எழுதுவோம். வேண்டும் என்றால் இங்கே அழுத்துங்கள், வேண்டாம் என்றால் இங்கே" என்று நாலு வரி போதும். பதிலே சொல்லாமல் இருப்பவர்களில், ஒரு வருடத்துக்குள் வாங்கியவர்களை மட்டும் இன்னும் இரண்டு மெயில் வரை வைத்திருங்கள். அதற்கும் அசையாதவர்களை எடுத்துவிடுங்கள். வெப்சைட்டில் பணம் கட்டும் பக்கத்தில் "புது டிசைன் வரும்போது மெயில் அனுப்பலாமா?" என்று ஒரு கட்டம் வைக்கச் சொல்லுங்கள். டிக் முன்கூட்டியே போட்டிருக்கக் கூடாது. வாங்குகிறவரே போட வேண்டும். இனி வரும் முகவரிகளுக்கு அதுவே ஆதாரம்.

விசிட்டிங் கார்டு கொடுத்த 600 பேரை இந்த லிஸ்ட்டில் கலக்காதீர்கள். ஸ்டாலில் நின்று துணியைத் தொட்டுப் பார்த்து, விலை கேட்டு, கார்டு நீட்டியவர் மொத்தமாக அனுப்பும் மெயிலை எதிர்பார்க்க மாட்டார், உங்களிடமிருந்து ஒரு பதிலைத்தான் எதிர்பார்ப்பார். அவருக்கு அவர் பெயர் போட்டு, அன்றைக்கு எந்த டிசைனைக் கேட்டாரோ அதைச் சொல்லி, தனித்தனியாக எழுதுங்கள். தினம் பத்துப் பேர் என்றால் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். மொத்த வியாபாரம் அங்கிருந்துதான் வரும் என்பது என் கருத்து, அந்த உழைப்புக்கு எந்த மென்பொருளும் ஈடில்லை. அதில் ஐரோப்பியக் கார்டுகள் இருந்தால், 2018 மே 25 முதல் அங்கே தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான ஜிடிபிஆர் சட்டம் அமலில் இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கங்கே எடுத்த 1,200 முகவரிகளை விட்டுவிடுங்கள். லாட்ஜ் முதலாளியிடம் வியாபாரம் பேச வேண்டும் என்றால் போன் போடுவதே மேல்.

இனிக் கணக்குக்கு வருவோம். 1,400 பேருக்கு வருடத்தில் ஏழு தடவை அனுப்பினால் 9,800 மெயில். பத்தாயிரம்கூட இல்லை. மாதம் 2,000 என்றால் வருடம் 24,000 ரூபாய். அதை 9,800-ஆல் வகுத்தால் ஒரு மெயிலுக்கு ஏறக்குறைய இரண்டரை ரூபாய் விழுகிறது. தபால் நிலையத்தில் ஒரு போஸ்ட் கார்டே 50 பைசாதான்! மெயில் அனுப்புவதற்கு உண்மையில் ஆகும் செலவு எவ்வளவு சிறியது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். அமேசானின் எஸ்இஎஸ் சேவை ஆயிரம் மெயிலுக்கு 10 அமெரிக்க சென்ட் வாங்குகிறது. அந்தக் கணக்கில் உங்கள் ஒரு வருட மெயில் மொத்தமும் ஒரு டாலருக்குள் அடங்கும். ஆனால் அங்கே மெயிலை வடிவமைக்கும் திரை, லிஸ்ட்டைப் பராமரிக்கும் பக்கம், விலகியவர்களைத் தானாகக் கழிக்கும் வசதி என்று நமக்கு வேண்டியது எதுவும் ஆயத்தமாக இருக்காது. புரோகிராமர் ஒருவர் கூடவே இருந்தால் மட்டும் அதைத் தொடலாம். மற்ற சேவைகளுக்கு நாம் காசு கொடுப்பது இந்த வசதிகளுக்காகத்தான். அதனால் எத்தனை வசதி நமக்குப் பயன்படும் என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தச் சேவைகள் பில் போடுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, லிஸ்ட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கு மாதாமாதம். மற்றொன்று, எத்தனை மெயில் அனுப்புகிறீர்களோ அதற்கு. வாராவாரம் எழுதுகிறவருக்கு முதல் வழி லாபம். கோவையில் தினம் ஒரு சமையல் குறிப்பு அனுப்பி மசாலாப் பொடி விற்கிறவர் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் வியாபாரம் பண்டிகையோடு ஏறி இறங்குவது. ஆடிக்கு ஒரு வேகம், ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாளுக்கு ஒன்று, தீபாவளிக்கு இரண்டு, பொங்கலுக்கு ஒன்று. நடுவில் சும்மா இருக்கும் மாதங்களுக்கும் ஆள் கணக்குப்படி பணம் கட்டுவது வீண்.

மெயில்சிம்ப் நல்ல கருவிதான். 2001-இல் அட்லாண்டாவில் தொடங்கியது, 2021-இல் இன்டூயிட் நிறுவனம் வாங்கியது. மெயில் வடிவமைக்கும் திரை அழகாக இருக்கும். ஆனால் அதன் மாதத் திட்டங்கள் ஆள் கணக்கில் பில் போடுபவை. அதிலும் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: வேண்டாம் என்று விலகிப் போனவர்களையும் கணக்கில் சேர்க்கும். நீங்களே அவர்களைத் தேடி ஆர்க்கைவ் செய்தால்தான் (தனியே ஒதுக்கி வைத்தால்தான்) எண்ணிக்கை குறையும். உங்கள் அளவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

சோஹோ கேம்பெயின்ஸ் நம்மூர் நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் சோஹோ என்று பெயர் மாறியது. நம்மவர்கள் என்ற பாசத்துக்காகச் சொல்லவில்லை. ரூபாயில் பில், பில்லிலேயே ஜிஎஸ்டி, உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை) நேராக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் ஆடிட்டருக்கு வேலை மிச்சம். கணக்கு எழுதவோ அலுவலக மெயிலுக்கோ ஏற்கெனவே சோஹோ வைத்திருந்தால், யோசிக்காமல் இதிலேயே போங்கள்.

பிரேவோ பிரெஞ்சு நிறுவனம். 2023 வரை சென்டின்புளூ என்ற பெயரில் இருந்தது. இது அனுப்பும் மெயிலைக் கணக்கிட்டுக் காசு வாங்குவது. லிஸ்ட் பெரிதானாலும் அதற்காகப் பில் ஏறாது. இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 300 மெயில் அனுப்பலாம், அடியில் அவர்கள் பெயர் இருக்கும். முன்பணம் கட்டிக் கிரெடிட் வாங்கினால் அனுப்பும்போது மட்டும் கழியும். வருடத்துக்கு ஏழு தடவை அனுப்பும் உங்களுக்கு இந்த முறைதான் பொருத்தம். சோஹோ தரப்பிலும் அன்றைய விலைப் பட்டியலில் கிரெடிட் முறை இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பத்தாயிரம் மெயிலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை என்றால் ரூபாய் பில்லுக்காகச் சோஹோவை எடுங்கள். விலை தள்ளி நின்றால் பிரேவோ.

வெளிநாட்டுச் சேவையை எடுத்தால் பில்லுக்குப் பின்னால் இருக்கும் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். கணக்குத் திறக்கும்போதே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் உங்களைச் சாதாரண நுகர்வோர் என்று கொண்டு 18 சதவீதத்தைப் பில்லிலேயே போட்டுவிடுவது வழக்கம். அந்தத் தொகைக்கு உள்ளீட்டு வரி கிடைக்காது. எண்ணைப் பதிந்தால் வரி எதிரிடைக் கட்டண முறைக்கு வரும், அதாவது அந்த 18 சதவீதத்தை நீங்களே கட்டி, பிறகு உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டும்போது கையில் இருக்கும் உள்ளீட்டு வரியில் கழிக்க முடியாது, பணமாகத்தான் கட்ட வேண்டும். இதை ஆடிட்டரிடம் அந்த மாதமே சொல்லிவிடுங்கள். கார்டில் டாலர் செலவுக்கு வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரில் கொண்டுவந்த விதிக்குப் பிறகு, வெளிநாட்டு மாதச் சந்தாக்கள் நம் கார்டுகளில் தானாகக் கழியாமல் பாதியில் நிற்பதும் அடிக்கடி நடக்கிறது. தீபாவளி வாரத்தில் அப்படி நின்றால் என்ன செய்வீர்கள்? கிரெடிட் வாங்கி வைப்பதில் இந்தத் தலைவலியும் இல்லை.

அடுத்தது டொமைன். ஸ்பாமுக்குப் போவதன் வேர் இங்கேதான் இருக்கிறது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. நீங்கள் ஒரே மெயிலை, விலகும் வழி எதுவும் இல்லாமல், தெரியாத பலருக்கும் சேர்த்து அனுப்பினீர்கள். கூகுள் அதைச் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. சேவைக்கு மாறிய பிறகும் அனுப்புநர் இடத்தில் பழைய ஜிமெயில் முகவரியையே போடுகிறவர்கள் உண்டு. போடவே கூடாது. ஜிமெயில் முகவரியைத் தாங்கிய மெயில் கூகுளின் சர்வரில் இருந்து வராவிட்டால், அது போலி என்ற சந்தேகத்தில் ஸ்பாமுக்குப் போய்விடும். உங்கள் வெப்சைட்டின் டொமைனில்தான் அனுப்புநர் முகவரி இருக்க வேண்டும்.

அந்த டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் பெயரிலேயே பதிந்திருப்பது நம் பக்கம் சகஜம். அவர் ஊரை மாற்றிவிட்டாலோ புதுப்பிக்க மறந்தாலோ கடையே போய்விடும். கரூரில் அப்படித் தவித்த ஒரு ஏற்றுமதியாளர், தன் பெயரையே விலை பேசி வாங்க வேண்டியதாயிற்று. டொமைன் கணக்கின் கடவுச்சொல்லும் அதில் பதிந்திருக்கும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

பிறகு டொமைனின் அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பக்கத்தில் மூன்று பதிவுகள் வேண்டும்: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். எங்கள் சார்பாக யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது முதலாவது. இந்த மெயிலை நாங்கள்தான் அனுப்பினோம், வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்கான கையொப்பம் இரண்டாவது. இவை பொருந்தாத மெயில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது மூன்றாவது. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். நீங்கள் அந்த அளவு இல்லை என்றாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், அரை மணி நேர வேலை. சேவைக்காரர்கள் எதை எங்கே ஒட்ட வேண்டும் என்று திரையிலேயே காட்டுவார்கள். வெப்சைட் செய்தவரிடம் இரண்டு விஷயத்தை மட்டும் வலியுறுத்துங்கள். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கலாம். ஏற்கெனவே அலுவலக மெயிலுக்கு ஒன்று இருந்தால், புதிதாக இரண்டாவது போடாமல் அதிலேயே சேர்க்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. டிமார்க்கை எடுத்த எடுப்பில் கடுமையாக வைக்காமல், கவனிக்க மட்டும் சொல்லும் நிலையில் தொடங்கி, சில வாரம் கழித்து இறுக்குங்கள். இல்லையென்றால் ஆர்டர் உறுதி மெயில்கூட வாடிக்கையாளருக்குப் போகாமல் நின்றுவிடலாம்.

முதல் நாளே 1,400 பேருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பிப் பழக்கமில்லாத டொமைனில் இருந்து திடீரென்று மெயில் குவிந்தால் சந்தேகம் வரும். கடைசியாக வாங்கிய 300 பேரில் தொடங்கி, நாளுக்கு 300 என்று பிரித்தால் ஐந்து நாளில் எல்லோருக்கும் போய்விடும். பிரேவோ என்றால் இந்தச் சம்மதம் கேட்கும் மெயிலை இலவசத் திட்டத்திலேயே முடித்துவிடலாம். பழைய முகவரிகள் எத்தனை திரும்பி வருகின்றன என்பதும் அப்போது தெரிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு கிரெடிட் வாங்குங்கள். இதையெல்லாம் ஆடிக்கு முன்பே செய்யுங்கள். தீபாவளிச் சமயத்தில் எல்லாருடைய மெயில்பெட்டியும் நிரம்பி வழியும், புது வழியைச் சோதிக்க அது நேரமில்லை.

மெயிலை ஒரே பெரிய படமாகச் செய்து அனுப்பாதீர்கள். தமிழ் எழுத்தையும் படத்துக்குள் அடைக்க வேண்டாம், இன்றைய போன்களில் தமிழ் நன்றாகவே தெரிகிறது. ஒரு நல்ல படம், பெட்ஷீட்டின் அளவு, நூல், முதல் சலவையில் சாயம் எப்படி இருக்கும், விலை. ஜமக்காளம் பவானித் தறியில் நெய்தது என்றால் அதைத் தெளிவாகப் போடுங்கள். புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது, பவர்லூம் நகல்கள் மலிந்த சந்தையில் அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. அடியில் சென்னிமலை முகவரி முழுதாக இருக்கட்டும். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் இருந்தாலும் அந்த நாட்டுச் சட்டம் அஞ்சல் முகவரியைக் கேட்கிறது. "விலக விரும்பினால்" என்ற இணைப்பைத் தமிழிலும் எழுத முடிகிறதா என்று சோதனைக் கணக்கிலேயே பார்த்துவிடுங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைக் காட்டி விற்கும் சேவையை நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, ஐபோன்காரர் மெயிலைத் தொடாவிட்டாலும் திறந்ததாகக் கணக்கு ஏறிவிடுகிறது. எத்தனை பேர் அழுத்தி வெப்சைட்டுக்கு வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைப் பாருங்கள். மெயிலுக்கு மட்டும் ஒரு தள்ளுபடிக் குறியீடு கொடுத்தால் போதும், எண்ணிவிடலாம்.

தம்பி சொல்வதையும் தள்ளிவிடாதீர்கள். ஈரோடு, பெருந்துறை, திருப்பூர்ச் சில்லறை வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்தான் சரி, அங்கே மெயில் பார்ப்பவர் குறைவு. பெங்களூரிலும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருந்து வெப்சைட்டில் வாங்கியவர்களுக்கு மெயில். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒரே செய்தியை இரண்டிலும் அனுப்பாதீர்கள்.

பணம் கட்டும் முன் இன்னும் ஒரு சோதனை. சோதனைக் கணக்கில் பத்து முகவரிகளை ஏற்றி, இரண்டை விலகச் செய்து, மொத்த லிஸ்ட்டையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கும் பட்டியலாக) வெளியே எடுத்துப் பாருங்கள். யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், யார் விலகினார் என்பது அதில் வர வேண்டும். நாளைக்கு வேறு சேவைக்கு மாறும்போது விலகியவர்கள் பட்டியலையும் கூடவே கொண்டுபோய் முதலில் அதை ஏற்றுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். வேண்டாம் என்று போனவருக்கு மறுபடி மெயில் போனால், அவர் இந்தத் தடவை விலகும் இணைப்பைத் தேட மாட்டார், நேராக ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார்.